நிறுத்தத் தெரியாத செகண்ட் ஷிஃப்ட்

கோவை கணபதியில் 'செகண்ட் ஷிஃப்ட்' என்றொரு ஜாஸ்-ஃபங்க் குழு முப்பது வருடமாக உடையாமல் இருக்கிறது. இசைமேல் உள்ள பற்றுதான் காரணம் என்று பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கும் அன்புச்செல்வியைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள். 'நான் விலகிக்கிறேன்' என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற துணிச்சல் அந்த நான்கு ஆண்களில் ஒருவருக்கும் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்புச்செல்விக்கு அந்தத் துணிச்சல் உண்டு. பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பம்புகளையாவது 'ஆகாது' என்று ஒதுக்கி வைக்கிறவள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் காய் பொறுக்கிய குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள். ஆகாது என்று சொல்வதற்குத்தான் தன்னை இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தார்கள் என்பது அவள் நினைப்பு. முப்பதாவது ஆண்டுக் கச்சேரியில் தன் பாட்டை வாசிக்கவில்லை என்றால் அன்றைக்கே கீபோர்டை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

குழு தோன்றிய கதை சின்னது. தொண்ணூற்று நாலில் ஒரு மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், பாலுசாமியின் லேத் பட்டறையில் ஒரு கேசட்டை மறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பாலுசாமி பகலில் பம்பு ஷாஃப்ட் கடைவார், முகூர்த்த நாள்களில் கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பார். கேசட்டைப் போட்டுக் கேட்டவர் மூன்று நாள் ஷாஃப்ட் கடையவில்லை. நான்காம் நாள், சர்ச் பேண்டில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த பிரான்சிஸைக் கூப்பிட்டார். வால்பாறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். கோட்டைமேட்டில் சோபா தைக்கிற ரசாக் டிரம்ஸுக்கு வந்தார். மின்வாரிய லைன்மேன் ஐயாசாமி பேஸ் கிடாருக்கு வந்தார். நால்வரும் வாசித்தார்களே தவிர, வாசிப்பது இன்ன இசை என்று ஆறு வருடம் அவர்களுக்குத் தெரியாது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதம் எண்ணெய் பட்டு அழிந்திருந்தது. அதனால் அதற்கு 'அந்த மாதிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ரிசப்ஷனுக்கு சினிமாப் பாட்டுங்களா, இல்ல அந்த மாதிரிங்களா?" என்று பாலுசாமி பவ்யமாகக் கேட்டதில் இரண்டு பெண் வீட்டார் கச்சேரியையே ரத்து செய்தார்கள்.

வாசிப்பு என்னவோ அபாரம். அதை அன்புச்செல்வியே மறுக்கமாட்டாள். குழுவுக்கு இருந்த வியாதி வேறு. மரியாதை.

இந்த வகை இசையில் ஆளுக்கொரு முறை தனி வாசிப்பு உண்டு. ஒருவர் மனசுக்கு வந்ததைத் தனியாக வாசிப்பார், மற்றவர்கள் பின்னால் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், முடித்ததும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். செகண்ட் ஷிஃப்டில் அடுத்தவர் தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். முடித்தவர் தலையை அசைத்து, 'நீங்க வாசிங்க' என்று அழைக்க வேண்டும். அழைத்த உடனே எடுத்தால் அலைகிறான் என்றாகிவிடும் என்று அவர், 'இல்லைங்க, நீங்களே இன்னொரு சுத்து' என்று பதிலுக்குத் தலையசைப்பார். அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு நிறுத்துவது எப்படி என்று முதலாமவர் இன்னொரு சுற்று வாசிப்பார். பந்தியில் இலைக்கு முன் நின்றுகொண்டு, 'நீங்க உக்காருங்க', 'இல்ல நீங்க உக்காருங்க' என்று சோற்றை ஆறவிடுவோமே, அதேதான். அதற்கு டிரம்ஸ் வைத்தால் செகண்ட் ஷிஃப்ட்.

அவர்களுடைய பேர்போன பாட்டு 'லேத்து'. வால்பாறை எஸ்டேட் கிளப் ஒன்றில் அது ஒரு மணி பத்து நிமிடம் போனது. கூட்டம் சாப்பிட்டு, கை கழுவி, கடைசி பஸ்ஸையும் பிடித்துப் போய்விட்டது. வாசித்தவர்கள் கவனிக்கவில்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் போட்ட சி.டி.யில் மொத்தம் இரண்டே பாட்டுகள். இரண்டாவது பாட்டு நடுவில் அறுந்துபோகும். அது பாதியில் நிற்பதாக வாங்கியவர்கள் குறை சொன்னபோது பாலுசாமி, "பாட்டு நிக்கலீங்க, சி.டி.தான் தீந்து போச்சு" என்றார்.

இடையில் வந்து சேர்ந்திருந்த பழைய கீபோர்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆன பிறகும் அவர் நாற்காலியில் ஆள் போடவில்லை. போகிறேன் என்று அவர் சொல்லாததால் போனதாக எடுத்துக்கொள்வது முறையில்லையாம். அதற்குப் பிறகுதான் அன்புச்செல்வி வந்தாள். மிஷன் ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசித்துப் பழகிய கை. வந்து ஆறு வருடத்தில் தனி வாசிப்பு அவளுக்குப் பதினோரு முறை கிடைத்தது. தலையசைப்பு வயது வரிசையில் வருவதால் கடைசியாக அவளிடம் வந்து சேரும்போது மண்டபத்துக்காரர் நாற்காலியை மடக்கத் தொடங்கியிருப்பார்.

"பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கிறோம், தப்பாங்க அம்மணி?" என்று ஒருமுறை பாலுசாமி கேட்டார்.

"எனக்கும் கொஞ்சம் குடுத்துப் பாக்கறதுங்க. நான் வந்தா எந்திரிச்சு நிக்கவா சொன்னேன்? வாசிக்க விடுங்கன்னுதானே கேக்கறேன்."

"அதுக்கென்னங்க, பாத்துக்கலாங்க."

இந்தப் 'பாத்துக்கலாங்க'வுக்கு அர்த்தம் 'முடியாது' என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. 'செஞ்சுபோடலாங்க' என்றாலும் முடியாதுதான், ஆனால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்வார்கள்.

அவள் பாட்டின் பெயர் 'எச்.ஆர். ரவுண்டு'. கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்று சுற்று தாண்டி வந்தவளை, 'உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுங்கள்' என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிய நாளில் பிறந்த பாட்டு. ஏழு தட்டுத் தாளம். சாக்ஸபோன் இனிமையாக ஒரு கேள்வி கேட்கும், கீபோர்டு முரட்டுத்தனமாகப் பதில் சொல்லும். அறுபத்து நான்கு சுற்றுகள், நாலரை நிமிடம். அறுபத்து நாலாவது சுற்றின் ஏழாவது தட்டில் எல்லோரும் ஒன்றாக, வெட்டினாற்போல் நிற்க வேண்டும். அந்தக் குழுவின் சரித்திரத்தில் முடிவு என்று ஒன்று எழுதி வைத்திருந்த முதல் பாட்டு அதுதான். நான்கு வருடமாகப் பாத்துக்கலாங்கவில் இருந்தது.

இந்த வருடம் அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த இசை விழாவில் முப்பதாம் ஆண்டுக்கென்று அவர்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினார்கள். ஏற்பாட்டைக் கவனித்த சாய்ப்ரியா என்ற பெண் பட்டறைக்கே வந்து தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு ஆரம்பம். மேடை ஓரத்தில் பெரிய கடிகாரம் ஓடும். நாற்பத்தைந்தாவது நிமிடம் மேடைக்கு வரும் கரண்டை நிறுத்திவிடுவார்கள், அடுத்த குழு தயாராக இருக்கும்.

"முதல்ல என் பாட்டு. அப்புறம் நீங்க லேத்தைக் கடைஞ்சுட்டே இருங்க, கரண்டு போனா போகட்டும்" என்றாள் அன்புச்செல்வி.

"முப்பதாவது வருஷம் பாருங்க. லேத்துல தொடங்கறதுதானுங்க முறை" என்றார் பாலுசாமி. "அது முடிஞ்ச கையோட உங்குளுது."

"லேத்து எங்கீங்க முடிஞ்சிருக்குது?"

"இந்தவாட்டி செஞ்சுபோடலாங்க" என்ற பாலுசாமி, பேக்கரிக்கு ஆள் அனுப்பி டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்தார்.

ஆனாலும் கச்சேரிக்கு முந்தின ஞாயிறு பட்டறையில் அவள் பாட்டை ஒத்திகை பார்த்தார்கள். அறுபத்து மூன்று சுற்றுகள் அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாலுசாமி அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்தில், டை கட்டிய அந்த எச்.ஆர். ஆளே எதிரில் உட்கார்ந்திருந்தான். அறுபத்து நாலாவது சுற்றில் வந்தது வினை. எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினால் பிரான்சிஸ் என்ன நினைப்பார் என்று பாலுசாமி ஒரு ஸ்வரம் நீட்டினார். அவரே நீட்டும்போது நாம் எப்படி நிறுத்துவது என்று பிரான்சிஸ் இரண்டு ஸ்வரம் நீட்டினார். இருவரையும் அந்தரத்தில் விடக்கூடாது என்று ரசாக் தாளத்தை விடாமல் பிடித்தார். ஐயாசாமி எப்போதுமே ரசாக்கைப் பார்த்துத்தான் வாசிப்பார். அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தெட்டு என்று பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

அன்புச்செல்வி கையை எடுத்துவிட்டு, அன்றைக்கும் வந்திருந்த தேங்காய் பன்னைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். "பிரான்சிஸண்ணா, பஸ்ஸை மட்டும் ஒரு விசில்ல நிறுத்துவீங்க" என்று கத்தினாள்.

பிரான்சிஸ் டிரம்பெட்டை ஒரு நொடி எடுத்து, "அது ஸ்டாப்பு வந்தா நிக்கோணும் பாப்பா, ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார்.

அப்போது எதிர்ப் பட்டறைக்காரரும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே கல்யாணப் பத்திரிகை. "ஏனுங்க, பாப்பாளுக்குக் கல்யாணம் வெச்சிருக்குதுங்க. எல்லாரும் குடும்பத்தோட வந்துபோடோணும்" என்றார்.

பாட்டு நின்றது.

வெட்டினாற்போல், ஒரே தட்டில், நான்கு பேரும். சாக்ஸபோன் பெஞ்சுக்குப் போயிற்று, டிரம்பெட் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது, ரசாக் குச்சிகளை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தார், ஐயாசாமி கிடாரை முதுகுப் பக்கம் தள்ளினார். நால்வரும் வரிசையாக நின்றார்கள். பத்திரிகைத் தட்டை உட்கார்ந்துகொண்டு வாங்கக்கூடாது, ஒற்றைக் கையால் வாங்கக்கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவராகத் தட்டை வாங்கி, பத்திரிகையை எடுத்துக்கொண்டு, பிரித்து ஒரு வரி விடாமல் படித்து, 'மாப்பிள்ளை எந்த ஊருங்க?' என்றும் விசாரித்தார்கள்.

அன்புச்செல்விக்கு வந்த சிரிப்பை அடக்குவதற்குள் தேங்காய் பன் புரையேறிவிட்டது.

மறுநாளே டவுன்ஹால் பக்கம் ஒரு அச்சகத்துக்குப் போனாள். நான்கு பத்திரிகை போதும் என்றாள். நூறுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார்கள். நூறு அடித்தாள். நான்கு தட்டுகள் வாங்கினாள். ஒரே தட்டைக் கை மாற்றினால் முதலில் வாங்கியவர் திரும்ப வாசிக்க ஆரம்பித்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தாள். ரசாக் பாய் தட்டில் குங்குமத்துக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வைத்தாள்.

கச்சேரி அன்று ஆறு மணிக்கு 'லேத்து' தொடங்கியது. கூட்டம் முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்து ஆடியது. பத்தாவது நிமிடம் பாலுசாமி தனி வாசிப்பை முடித்துப் பிரான்சிஸுக்குத் தலையசைத்தார். பிரான்சிஸ் திருப்பித் தலையசைத்தார். இருபதாவது நிமிடமும் அதே இருவர்தான் உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள். முப்பதாவது நிமிடம் ரசாக்கின் முறை வந்தது. அவர் ஐயாசாமியைப் பார்த்தார், ஐயாசாமி நெஞ்சில் கை வைத்து மறுத்தார். அன்புச்செல்வி அவர்களைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 38.00 என்று காட்டியதும் எழுந்து மேடையின் பின்பக்கம் போனாள்.

நான்கு தட்டுகளை அடுக்கி ஏந்திக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கூட்டம் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைதட்டியது. நேராகப் பாலுசாமியின் முன்னால் போய் முதல் தட்டை நீட்டினாள்.

பாலுசாமியின் கண் தட்டைப் பார்த்தது, சாக்ஸபோனைப் பார்த்தது, மறுபடி தட்டைப் பார்த்தது. மூளை என்ன சொல்லியதோ, கை கேட்கவில்லை. சாக்ஸபோன் கழுத்து வாரில் தொங்க, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பிரான்சிஸ் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினார். ஐயாசாமி குனிந்து வாங்கினார். டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரசாக்கின் முன்னால் போய் நின்று அவள், "பாய், கை வலிக்குது" என்றாள். அவர் பதறி எழுந்து வாங்கினார்.

'லேத்து' முப்பது வருடத்தில் முதல் முறையாக நின்றது. கடிகாரம் 38.50.

கூட்டத்தைப் பார்த்தபடி நான்கு பெரிய மனிதர்கள் கையில் தட்டோடு வரிசையாக நின்றார்கள். கீழே வைப்பது மரியாதை இல்லை. பாலுசாமி தட்டை ஐயாசாமியின் தட்டுமேல் வைத்துப் பத்திரிகையைப் பிரித்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்ததால் படித்தது மைதானம் முழுக்கக் கேட்டது.

"அன்புடையீர். இன்று மாலை 6.39 மணிக்கு மேல் 6.44 மணிக்குள், செல்வி அன்புச்செல்வி பி.இ. இயற்றிய 'எச்.ஆர். ரவுண்டு' என்னும் பாடலை வாசிப்பதாய் நிச்சயித்து இருப்பதால், தாங்கள் தங்கள் வாத்தியங்களுடன் வந்திருந்து, அறுபத்து நாலாவது சுற்றில் நிறுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இப்படிக்கு, கீபோர்டு."

மைதானம் சிரிப்பில் குலுங்கியது. 39.40.

"ஏனுங்க அம்மணி," என்றார் பாலுசாமி, மெதுவாக. "வாய்ல சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டமுங்களா?"

"நாலு வருஷமா வாய்லதானுங்க சொன்னேன்."

அவர் மற்ற மூவரையும் பார்த்தார். "முறையா அழைச்சிருக்காங்க. போகாம இருக்கக் கூடாது."

"தட்டை எங்கீங்க வெக்கறது?" என்றார் ஐயாசாமி. அவர் கையில் இரண்டு இருந்தன.

தட்டு வைக்க இடம் தேடுவதில் ஒரு நிமிடம் போயிற்று. கடைசியில் சாய்ப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நான்கையும் வாங்கிக்கொண்டாள். 40.50. நாலரை நிமிடப் பாட்டு. அன்புச்செல்வி கணக்குப் போட்டாள். இருபது விநாடி இடிக்கிறது. வேறு வழியில்லை, தாளத்தை எண்ணித் தொடங்கினாள்.

இந்த நாலு நிமிடத்தைப் பற்றி நையாண்டியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்தார்கள். சாக்ஸபோன் குழைந்து கேள்வி கேட்டது, கீபோர்டு எகிறியது, கேள்வி இன்னும் குழைந்தது, கீபோர்டு இன்னும் எகிறியது. ரசாக் ஏழு தட்டையும் சோபாவில் ஆணி அடிக்கிற மாதிரி ஒன்றொன்றாக இறக்கினார். முன்வரிசையில் நின்ற பெண்கள் சிலர் ஆடுவதை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார்கள். அவர்களும் எங்கேயோ அந்த இன்டர்வியூ நாற்காலியில் உட்கார்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

அறுபதாவது சுற்றில் கடிகாரம் 45.00 ஆயிற்று. சொன்ன சொல் தவறாமல் கரண்டை நிறுத்தினார்கள்.

கீபோர்டு செத்தது. அவள் விரல் கட்டைகளை அழுத்தியது, சத்தம் இல்லை. பேஸ் கிடாரும் செத்தது. முப்பத்தைந்து வருடம் ஊருக்கு மின்சாரம் கொடுத்த ஐயாசாமி அதைப் பொருட்படுத்தாமல் ஊமைக் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் வாசிக்கும்போது கையை எடுத்தால் நன்றாக இருக்காது என்று. சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் கரண்டு தேவையில்லை. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. முடிவை அறிவிப்பது கீபோர்டில் இறங்கி வரும் ஒரு வரி. அது இல்லாவிட்டால் இவர்கள் நிற்கப்போவதில்லை. அறுபத்தொன்று. அவளுடைய பாட்டும் இன்னொரு லேத்து ஆகப் போகிறது. அறுபத்திரண்டு. சாய்ப்ரியா இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வருகிறாள். அறுபத்து மூன்று. அன்புச்செல்வி ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். அறுபத்து நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

"நிறுத்துங்கடா டேய்."

நின்றது.

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல். தன் அப்பா வயதில் இருக்கும் நான்கு பேரை, சொந்த மனைவிமாரையே வாங்க போங்க என்று அழைக்கும் நான்கு பேரை, ஆயிரம் பேர் முன்னால். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விசிலடித்தாள். அப்புறம் எழுந்த சத்தத்தில் சாய்ப்ரியாவும் கடிகாரத்தை மறந்து கைதட்டினாள்.

மேடைக்குப் பின்னால் அன்புச்செல்வி கீபோர்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நால்வரும் வந்து சுற்றி நின்றார்கள். ஐயாசாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்" என்றாள் அவள், நிமிராமல். "பாட்டு அங்கதான் நிக்கோணும்."

பாலுசாமி சட்டைப் பையிலிருந்து அவள் பாட்டை எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, நான்காக மடித்திருந்ததை நீவிவிட்டார்.

"ரசாக்கு, எப்படி இருந்துது?"

"சுத்தமா நின்னுச்சு" என்றார் ரசாக். "எனக்கு எப்ப நிறுத்தறதுங்கற ரோசனையே வரல. கை தானா நின்னுருச்சு."

"'டேய்' மட்டும் கொஞ்சம் பிந்திப் போச்சு பாப்பா" என்றார் பிரான்சிஸ். "'நிறுத்துங்கடா' ஆறுல முடியோணும். 'டேய்' சரியா ஏழுல விழோணும்."

அன்புச்செல்வி நிமிர்ந்தாள். கிண்டல் செய்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த முகங்களுக்குக் கிண்டல் வராது.

"நம்முளுக்கு ஒரு முடிவு அமைய முப்பது வருஷம் ஆயிருக்குது. அப்படியே வெச்சுக்கலாங்க" என்ற பாலுசாமி, பத்திரிகைகளோடு அச்சகக்காரர் கொடுத்திருந்த பேனாவை அவளிடமே வாங்கி, தாளைச் சாக்ஸபோன் பெட்டிமேல் வைத்து, அறுபத்து நாலாவது சுற்றுக்கு நேராகக் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து எல்லோருக்கும் காட்டினார்.

'இங்கே அம்மணி திட்டோணும்.'

அன்புச்செல்வி பையைக் கீழே வைத்தாள். பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கி, 'அம்மணி'யை அடித்துவிட்டு மேலே தன் பெயரை எழுதினாள்.

"அம்மணின்னு போட்டா எந்த அம்மணின்னு யாருக்குங்க தெரியும்?"